குளம் உடைந்தால் யார் கட்டுவது? நாகரிகங்களின் எழுச்சி, போர், வீழ்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டன் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் வரலாறு படிப்பிக்கிறேன். சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வகுப்பு. இப்போது சில பெற்றோரும், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவரும் வந்து பின் வாங்கில் உட்காருகிறார்கள். வருடா வருடம் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. வாயால் சொல்லிக் களைத்துப்போய் எழுதிவைத்தது இது. பாடப்புத்தக வரிசை இதில் இல்லை.

நாகரிகம் என்றால் என்ன சேர்? பெரிய கட்டடங்களா?

கட்டடம் பிறகு. முதலில் சாப்பாட்டுக் கணக்கு. வயலில் இறங்காத ஒருவருக்கும் சோறு போடும் அளவுக்கு ஓர் ஊரில் விளைச்சல் மிஞ்ச வேண்டும். மிஞ்சியதை ஒருவர் சேர்த்துவைக்க வேண்டும், ஒருவர் காவல் நிற்க வேண்டும், ஒருவர் எண்ண வேண்டும். குயவர், கொல்லர், பூசகர், படைவீரர், அரசர் எல்லோரும் அந்த மிச்சத்தில் பிழைத்தவர்களே.

இன்றைய ஈராக்கில் உருக் என்று ஒரு பழைய நகரம். அங்கே கி.மு. 3300 அளவில் எழுதிய களிமண் பலகைகள் நிறையக் கிடைத்தன. காவியமோ தோத்திரமோ இருக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் இருப்பது கணக்கு: இவ்வளவு பார்லி வந்தது, இன்னாருக்கு இவ்வளவு படி அளந்தது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று கணக்கப்பிள்ளை ஐயா சிரித்துவிட்டார். "அப்ப மனுசன் மொதமொதல்ல எழுதினது செக்ரோலா?" என்று கேட்டார். தோட்டத்தில் ஆள் பேரும் சம்பளமும் எழுதும் பதிவேடுதான் செக்ரோல். இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

எல்லாம் ஏன் ஆற்றங்கரையில்தான்?

எல்லாமும் இல்லை. நைல், யூப்ரடீஸ், சிந்து, மஞ்சள் ஆறு ஆகியவற்றின் கரைகளில் வண்டலும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைத்தன. ஆனால் மத்திய அமெரிக்காவில் மாயர்களின் திக்கால் நகரத்துக்கு அருகில் ஆறே கிடையாது. மழைநீரைத் தேக்கித்தான் வாழ்ந்தார்கள். நம் வரண்ட வலயமும் அப்படித்தான். வருடத்தில் சில மாதம் கொட்டும் மழையைப் பிடித்துவைத்தால்தான் வயல். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவெவ குளத்தைக் கட்டினான். அதிலிருந்து அனுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன யோத எல வாய்க்கால் ஏறக்குறைய 87 கிலோமீற்றர் நீளம். அதன் முதற்பகுதியில் ஒரு கிலோமீற்றருக்குச் சரிவு சுமார் 10 சென்ரிமீற்றர் மட்டும்! தோட்டத்தில் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டிப் பழகியவரிடம் இந்த இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

பொலன்னறுவையை அழித்தது தமிழர் படையா?

இதைச் சில பிள்ளைகள் பெருமையோடு கேட்பார்கள். சிலர் பயந்து பயந்து கேட்பார்கள். பெருமையையும் பயத்தையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வருடங்களைப் பார்ப்போம்.

993இல் முதலாம் இராஜராஜனின் சோழப்படை வந்து அனுராதபுரத்தைப் பிடித்தது. 1017இல் அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். சோழர் தங்கள் தலைமையிடத்தைப் பொலன்னறுவைக்கு மாற்றி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070இல்தான் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் போரும் அந்நிய ஆட்சியும். அதோடு குளத்து நாகரிகம் முடிந்ததா என்றால் இல்லை. 1153இல் ஆட்சிக்கு வந்த முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்தில்தான் பராக்கிரம சமுத்திரமே எழுந்தது. உடைந்த குளங்களைக் கட்டினார்கள், தூர்ந்த வாய்க்கால்களை வெட்டினார்கள், மேலும் பெரிதாகவும் கட்டினார்கள்.

பிறகு 1215இல் மாகன் வந்தான். அவன் கலிங்கத்தவன் என்று ஏடுகள் சொல்கின்றன. படையில் கேரளத்தவரும் தமிழரும் இருந்தார்கள். கொள்ளையும் அழிவும் கடுமையாக இருந்தன. ஆனால் நான் பிள்ளைகளிடம் கேட்பது வேறு: சோழர் போன பிறகு திரும்பக் கட்டியவர்கள், மாகன் போன பிறகு ஏன் கட்டவில்லை?

மாகன் வருவதற்கு முந்திய 50 வருடங்களைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். பராக்கிரமபாகு பெரிய கட்டடக்காரன் மட்டுமல்ல. கடல் தாண்டிப் பர்மாவுக்கும் பாண்டிநாட்டுக்கும் படை அனுப்பியவன். பாண்டிநாட்டுப் போர் வருடக்கணக்கில் இழுத்தது. 1196இல் நிசங்கமல்லன் இறந்த பிறகு 20 வருடத்துக்குள் பத்துத் தடவைக்கு மேல் சிம்மாசனம் கைமாறியது. அதில் லீலாவதி அரசி மட்டும் மூன்று முறை ஏறி இறங்கினாள். சிறு குளத்தை ஊரார் கூடித் திருத்திவிடுவார்கள். ஆனால் பல மைல் நீள வாய்க்காலுக்கும் பெருங்குளத்தின் மதகுக்கும் அதைத் தெரிந்த அதிகாரிகள் வேண்டும், ஆள் சேர்க்கும் ஆணை வேண்டும், அந்த ஆணையைப் பத்து வருடமாவது தொடர்ந்து போட ஒருவர் இருக்க வேண்டும். அந்த இடம்தான் முதலில் காலியானது.

அப்புறம் மலேரியா. உடைந்த குளங்களின் தேங்கு நீரில் நுளம்பு பெருகி, ஊரைத் திரும்பக் கட்ட வந்தவர்களையும் விரட்டியது என்று ஒரு கருத்து உண்டு. தென்மேற்குக் கரையில் கறுவா வியாபாரம் சூடு பிடித்ததும் ஆட்சியை அந்தப் பக்கம் இழுத்தது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு 'இதுதான் காரணம்' என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள், குறிப்பாக அவர் மேடையில் நின்று சொன்னால்.

நான் பிறந்த தோட்டத்தில் ஒரு காலத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டு வருடம் கான் வெட்ட ஆள் போடவில்லை. முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. "பார்த்தீங்களா, சும்மா செலவு" என்றார்கள். இரண்டாம் வருட ஐப்பசி மழையில் மேல் மலையிலிருந்து மண் இறங்கி லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், கடைசி இரண்டு காம்பராவை மூடியது. நல்லவேளை ஆட்கள் கோயிலில் இருந்தார்கள். அன்று பெய்த மழை பெரிய மழைதான். ஆனால் அதைப்போன்ற மழை அதற்கு முன்னும் பெய்திருக்கிறது. மாகனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கான் ஞாபகத்துக்கு வரும்.

அந்த மக்கள் எல்லோரும் எங்கே போனார்கள்?

கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே, தென்மேற்கே, மேலே. தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல் என்று தலைநகர் நகர்ந்து நகர்ந்து 14ஆம் நூற்றாண்டில் கம்பளைக்கு ஏறியது. அதாவது நாம் பஸ் மாறும் கம்பளைக்கு! அக்காலத்தில் கட்டிய கடலாதெனிய விகாரையில் தென்னிந்தியக் கோயிற்கலை அப்படியே தெரியும். கணேஸ்வராசாரி என்ற சிற்பாசாரியின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. வீழ்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அரண்மனை செத்துப்போகும். உளி பிடித்தவன் வேறு ஊரில் வேலை தேடுவான்.

சின்னக் கண்டி இராச்சியம் எப்படி அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது?

மலை காப்பாற்றியது என்று சொல்வார்கள். அரைவாசி உண்மை. மலையை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்திருந்ததுதான் மற்ற அரைவாசி.

பாதையை அகலப்படுத்தாமலே வைத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். கணவாய்களில் முட்கதவு கட்டிக் காவல் வைத்தார்கள். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பியோடும்வரை கண்டி நாட்டில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதையெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார். படை வந்தால் நகரத்தைக் காக்க நிற்கமாட்டார்கள். நெல்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். வந்தவன் வெறும் நகரத்துக்குள் புகுந்து, வென்றுவிட்டோம் என்று கடிதம் எழுதி, பிறகு பசியில் திரும்பும்போதுதான் சண்டையே தொடங்கும்.

போர்த்துக்கேயர் இந்தப் பாடத்தை மூன்று தடவை படித்தார்கள். 1594இல் தந்துறையில் பேத்ரோ லோபஸ் த சூசாவின் படை அழிந்தது. 1630இல் கொன்ஸ்தாந்தீனோ த சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெலயில் மாட்டினார். கூட வந்த உள்ளூர் லஸ்கரின் வீரர்கள் கட்சி மாறினார்கள், மழையில் துப்பாக்கித் திரி நனைந்தது, தளபதியும் செத்தார். 1638 மார்ச்சில் கண்ணொறுவையில் மறுபடியும் அதே கதை. இரண்டாம் இராஜசிங்கனின் படையிடம் உயிர் தப்பிக் கைதியானவர்கள் 33 பேர் அளவுதான். பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது அந்த இடம்.

ஒல்லாந்தரும் தப்பவில்லை. 1765இல் கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். சில மாதத்தில் பின்வாங்கினார்கள். ஆங்கிலேயர் 1803இல் வந்து, முத்துசாமி என்பவரைப் பொம்மை அரசனாக உட்கார வைத்துவிட்டு ஒரு காவற்படையை விட்டுப் போனார்கள். காய்ச்சலில் அரைவாசிப் படை படுத்தது. ஜூனில் மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலியைக் கடக்க முடியாமல் நின்ற இடத்தில் வீரர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஒல்லாந்தரைக் கூப்பிட்டதே இராஜசிங்கன்தானாமே?

ஆமாம். போர்த்துக்கேயரை விரட்ட 1638இல் ஒப்பந்தம் போட்டான். 1656இல் கொழும்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அதை அவனிடம் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் இன்றும் சொல்வார்கள்.

சரி, மலை இருந்தும் 1815இல் ஏன் விழுந்தது?

அந்தத் தடவை வந்தவர்கள் மலையோடு சண்டை போடவில்லை. மனிதர்களோடு பேசினார்கள்.

முதலில் 1766இன் கதையைச் சொல்ல வேண்டும். அந்த வருட ஒப்பந்தத்தில் கண்டி தன் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. கடற்கரை போனால் உப்புக்கும் மற்றவன் கையை எதிர்பார்க்க வேண்டும். மலைநாட்டில் நெல் விளையும், குரக்கன் விளையும், உப்பு விளையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. இராச்சியத்துக்கும் அது பொருந்தும்.

அடுத்தது உள்ளே. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனை 1798இல் உட்கார வைத்தவர் முதலமைச்சரைப் போன்ற மகா அதிகாரம் பதவியில் இருந்த பிலிமத்தலாவ. அரசன் பொம்மையாக இருப்பான் என்று நினைத்தார், அவன் இருக்கவில்லை. பகை முற்றிப் பிலிமத்தலாவவுக்கு மரணதண்டனை. அடுத்து வந்த எஹெலபொலவும் ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். 1814இல் அரசன் அவருடைய மனைவி பிள்ளைகளைக் கொன்றான். அதற்குப் பிறகு பிரதானிகள் யாரும் அவனுக்காக நிற்கத் தயாராக இல்லை. கண்டி வாவியை வெட்ட இராஜகாரியத்தில், அதாவது அரசனுக்குச் செய்யும் கட்டாய ஊழியத்தில், ஆட்களை இழுத்ததில் சாதாரண சனத்தின் மனமும் கசந்திருந்தது. இன்று காதலர்கள் உட்கார்ந்திருக்கும் அதே வாவிதான். இந்தக் கசப்பையெல்லாம் சிங்களம் நன்கு படித்த ஜோன் டொயிலி என்ற அதிகாரி வருடக்கணக்கில் உளவாளிகள் மூலம் திரட்டினார். படை ஏறியபோது எதிர்ப்பே இல்லை என்று சொல்லலாம். 1815 பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் மகுல் மடுவ மண்டபத்தில் பிரதானிகள் நாட்டை எழுதிக்கொடுத்தார்கள்.

ஆனால் என் கணக்கில் கண்டி விழுந்தது 1815இல் இல்லை, 1818இல். எழுதிக்கொடுத்தவர்களுக்குத் தாங்கள் ஏமாந்தது விளங்க இரண்டு வருடம் ஆனது. 1817இல் ஊவாவில் கலகம் வெடித்தது. அடக்க அனுப்பப்பட்ட மாகாண அதிகாரி கெப்பெட்டிபொல திசாவையே கலகக்காரரோடு சேர்ந்தார். ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை இம்முறை அரண்மனையைத் தேடவில்லை. ஊர்களை எரித்தது, நெல்லை அழித்தது, மாட்டைக் கொன்றது. அதாவது மிச்சம் விளைகிற இடத்திலேயே கை வைத்தது. 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது.

பிறகு வீதி. எட்வேர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்தபோது கொழும்பிலிருந்து கடுகண்ணாவ ஊடாகக் கண்டிக்கு வீதி போட்டார்கள். மலையைத் துளைத்து வருகிறவன்தான் இந்த நாட்டை ஆள்வான் என்று பழைய வாக்கு ஒன்று இருந்ததாம். கடுகண்ணாவவில் பாறையைக் குடைந்து வழி விட்டதும் அது பலித்துவிட்டது என்று சனம் பேசியதாகக் கதை. இதில் வேதனையான வேடிக்கை, கண்டி அரசர்களின் இராஜகாரிய முறையை வைத்தே அந்த வீதிக்கும் ஆள் பிடித்தார்கள் என்பது. 1832இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

போர் நாகரிகத்தை வளர்க்குமா, அழிக்குமா?

இரண்டும். படை வைக்க வரி வேண்டும், வரிக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு அலுவலகம் வேண்டும். இப்படித்தான் பல அரசுகள் தடித்தன. ஆனால் போரிலேயே பிழைத்துப் பழகிய அரசுக்கு வேறு தொழில் தெரியாமல் போகும். அசீரியா அப்படி. எகிப்துவரை அடித்துப் பிடித்த பேரரசு அது. அதன் தலைநகர் நினிவே கி.மு. 612இல் எரிந்தபோது அழ ஒருவரும் இல்லை. சீனத்தில் சின் அரசு கி.மு. 221இல் ஆறு நாடுகளையும் வென்று ஒன்றாக்கியது. 15 வருடத்தில் கவிழ்ந்தது.

எல்லா வீழ்ச்சிக்கும் ஒரே காரணம் இருக்கிறதா?

இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எகிப்து, இன்றைய துருக்கியில் ஹித்தைத்தர், கிரேக்கத்தில் மைசீனியர், சிரியாக் கரையில் உகாரித் என்று கிழக்கு மத்தியதரைக்கடலைச் சுற்றிப் பல அரசுகள் செழிப்பாக இருந்தன. எல்லோருக்கும் வெண்கலம் வேண்டும். வெண்கலத்துக்குச் செம்பும் தகரமும் வேண்டும். செம்பு சைப்பிரசில் இருந்து, தகரம் அதைவிட எவ்வளவோ தூரத்தில் இருந்து. துருக்கிக் கரையில் உளுபுருன் என்ற இடத்தில் 1982இல் கண்டுபிடித்த மூழ்கிய கப்பலில் சுமார் 10 தொன் செம்பும் 1 தொன் தகரமும் இருந்தன. பத்துக்கு ஒன்று, வெண்கலத்துக்குச் சரியான கலவை! அந்தக் கப்பல் ஒன்றே அக்கால உலகம் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டு நின்றது என்பதற்குச் சாட்சி.

கி.மு. 1200க்குப் பிறகு ஐம்பது வருட அளவில் இவற்றில் பெரும்பாலானவை சரிந்தன. வறட்சி, பஞ்சம், நிலநடுக்கம், உள்நாட்டுக் கலகம், கடல்வழி வந்த கூட்டங்கள் என்று எல்லாவற்றுக்கும் தடயம் இருக்கிறது. எகிப்தின் மூன்றாம் ராம்சேஸ் அந்தக் கூட்டங்களைத் தோற்கடித்ததைக் கோயில் சுவரில் பெருமையாகச் செதுக்கிவைத்தான். ஆனால் அவனுடைய எகிப்தும் பழைய எகிப்தாக மீளவில்லை. கிரேக்கத்தில் எழுதும் பழக்கமே போய்ச் சில நூற்றாண்டுகள் எழுத்தில்லாமல் இருந்தார்கள். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகத் தாங்கியிருப்பார்கள். ஒன்று சாயும்போது அதில் சாய்ந்திருந்த மற்றதும் போனதுதான் சிக்கல்.

விளங்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னாள். 2022ஐ நினைத்துப் பார் என்றேன். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள், கொழுந்து குறைந்தது. சுற்றுலாவும் முடங்கியிருந்ததால் டொலர் இல்லை. டொலர் இல்லாததால் டீசல் இல்லை, டீசல் இல்லாததால் லொறி இல்லை, லொறி இல்லாததால் கடையில் மா இல்லை. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. நாகரிகம் ஒன்றும் அழியவில்லை. ஆனால் ஒரு கயிறு அறுந்தால் எத்தனை முடிச்சு அவிழும் என்பதைக் காஸ் வரிசையில் நின்றே பார்த்துவிட்டோம்.

சிந்துவெளியை ஆரியர் படையெடுத்து அழித்தார்களா?

மொகஞ்சதாரோவில் கிடந்த முப்பத்துச் சொச்ச எலும்புக்கூடுகளைப் பார்த்து 1940களில் மோட்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் அப்படி ஒரு முடிவுக்கு வந்தார். பிறகு ஆராய்ந்தவர்கள் அவை ஒரே நாளில் செத்தவர்களுடையவை அல்ல, படுகொலைக்கான சான்றும் போதாது என்று காட்டினார்கள். பருவமழை நலிந்ததும் ஆறுகள் வற்றியதும் கி.மு. 1900 அளவில் பெரிய நகரங்களைத் தளர்த்தின. மக்கள் கிழக்கே சிறு ஊர்களாகப் பரவினார்கள். பாடசாலையில் பழைய கதையையே எழுதச் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள், பெரியவர்களானதும் பிடிக்கலாம்.

நாகரிகத்துக்கு ஆயுள் உண்டா?

வட ஆபிரிக்காவில் பிறந்த வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூன் 1377இல் எழுதினார்: ஓர் அரசமரபு மூன்று தலைமுறை, ஏறக்குறைய 120 வருடம் நிற்கும். முதல் தலைமுறை பாலைவனத்தில் பட்டினி கிடந்து ஒற்றுமையாக வெல்லும். இரண்டாவது சுகம் காணும். மூன்றாவது கூலிப்படையை நம்பும். சுவையான கணக்கு. சில இடத்தில் பொருந்தவும் பொருந்தும். ஆனால் கண்டியைக் கடைசியாக ஆண்ட நாயக்கர் மரபு 76 வருடத்தில் போனது. அனுராதபுரம் ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைநகராக இருந்தது. ஆகவே ஜாதகம் எழுத முடியாது.

கோப்பி அழிந்ததையும் வீழ்ச்சி என்று சொல்லலாமா?

நான் சொல்வேன். நமக்கு அதைவிடக் கிட்டிய உதாரணம் இல்லை.

1840இல் ஒரு சட்டம் போட்டு, உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும், காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனையையும் முடிக்குரிய காணி ஆக்கினார்கள். கண்டிக் கிராமத்தவரின் மேய்ச்சல் காடு ஏக்கர் கணக்கில் தோட்டத்துரைமாருக்குப் போனது. கண்டிச்சீமைக்கு ஆள் வந்தது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலப் பக்கங்களில் இருந்து கங்காணி பின்னால் மன்னாருக்குக் கடல் தாண்டி, காட்டுவழியே மாத்தளைவரை நடை. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குச் செக்ரோலில்கூடப் பெயர் இல்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1870களில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியது. இதுவும் ஒரு பேரரசுதான். தலைநகர் இலண்டனில் இருந்தது, அவ்வளவுதான்.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொட்டு தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். மலைக்கு மலை ஒரே பயிர், நடுவில் காடில்லை, காற்று ஒன்றே போதும். 1880இல் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்த மார்ஷல் வார்ட் இதைத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் நேரம் கடந்திருந்தது. ஏன் கடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். உலகச் சந்தையில் அப்போது கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறையக் குறைய விலை ஏறியதால் கையில் காசு குறையவில்லை. துரைமார் இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். நோய் வந்த பிறகுதான் பரப்பு உச்சத்துக்குப் போனது! 1884இல் அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி மூடியது. சம்பளம் கிடைக்காத ஆட்கள் திரும்பக் கடலை நோக்கி நடந்தார்கள்.

ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அதனால் மாற்றுப்பயிர் கையில் இருந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோப்பிப் பழம் பறிப்பது ஒரு பருவத்து வேலை. வந்தவர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம். கொழுந்து அப்படியில்லை, வருடம் முழுவதும் எடுக்க வேண்டும். ஆகவே குடும்பமாக வரவைத்தார்கள், லயத்தில் தங்கவைத்தார்கள். கோப்பி விழாமல் இருந்திருந்தால் நாம் இங்கே வேர் பிடித்த சனமாக இருந்திருப்போமோ என்னவோ.

இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன? நமக்கு ஒன்றுதானே?

பழமொழி நல்லாகத்தான் இருக்கிறது. 1818இல் வயல் எரிந்த ஊவாப் பக்கத்து வெல்லஸ்ஸ விவசாயியிடம் அதைச் சொல்ல முடியாது. மாயர் நகரங்கள் 9ஆம் நூற்றாண்டளவில் வெறிச்சோடின, ஆனால் மாய மொழிகளைப் பல இலட்சம் பேர் இன்றும் பேசுகிறார்கள் என்று ஆறுதலாகச் சொல்வேன். அதுவும் உண்மை. ஆனால் வெறிச்சோடிய அந்த நூற்றாண்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆறுதல் இருந்திருக்காது. அரசு விழாமல் நிற்கும்போதே சிலருக்கு மட்டும் உலகம் விழும். 1948 பிரசாவுரிமைச் சட்டத்தில் நம் தாத்தா பாட்டிமார் நாடற்றவர்களானபோது நடந்தது அதுதான். ஒரு வெடிச்சத்தம் இல்லை. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் அப்படி நாடற்றுப்போன 975,000 பேரை எண்ணி, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மீதி பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். உருக் நகரத்துப் பலகைகளைப்போல அதுவும் ஒரு கணக்குத்தான்.

இதில் பரீட்சைக்கு எது வரும்?

கண்டி ஒப்பந்தம், 1815 மார்ச் 2. எழுதிக்கொள்.

கண்டியின் கடைசி அரசர் தமிழர்தானே?

நாயக்கர். தெலுங்கு வழி வந்தவர்கள், மதுரை உறவு, அரண்மனையில் தமிழும் புழங்கியது, ஆட்சியில் பௌத்தம் காத்தார்கள். அவர்களில் ஒருவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன்தான் 1753இல் சீயத்தில் (இன்றைய தாய்லாந்தில்) இருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் உயர் துறவுச் சடங்கை, மீட்டான். ஒரு சொல்லில் அடைக்க முடியாதவர்களை அடைக்க வேண்டாம்.

அவர்கள் வந்த வழியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் அடிபட்டுத் தலைநகர் பாழானது. ஆனால் அதன் மாகாணத் தலைவர்களான நாயக்கர் மதுரையிலும் தஞ்சாவூரிலும் தொடர்ந்தார்கள். மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. மூன்று வருடம் கழித்து, 1739இல், அந்த வழியில் வந்த அரசியின் சகோதரன் கண்டியில் சிம்மாசனம் ஏறினான். தலைக்கோட்டையில் இருந்து மகுல் மடுவவரை சரியாக 250 வருடம். விழுந்த பேரரசின் ஒரு கிளை அவ்வளவு காலம் கழித்து நம் மலையில் வந்து பட்டது.

ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனை 1816இல் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். அவனைச் சிறை வைத்த அந்தக் கோட்டையைக் கட்டியது விஜயநகரத்தின் கீழ் இருந்த நாயக்கர்களே. வகுப்பில் ஒரு பிள்ளையின் பெரியம்மா குடும்பம் 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி வேலூர்ப் பக்கம் போய்த் தங்கிவிட்டது. போன வருடம் அவர்கள் அகழியோரம் வரிசையாக நின்று எடுத்து அனுப்பிய படம் அவளுடைய போனில் இருக்கிறது. கேட்டால் காட்டுவாள்.